இடது பக்கம் இழுக்கும் வண்டி

உட்காருங்கள் தம்பி. சாவி என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. ஓட்டிப் பார்க்கத்தானே வந்திருக்கிறீர்கள், ஓட்டலாம். அதற்கு முன்னால் வண்டியின் குறையைச் சொல்லிவிடுகிறேன். குறையை மறைத்து விற்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. வாங்கிக்கொண்டு போய் உங்கள் ஊர் நிலக்கோட்டை சேர்வதற்குள், "அந்தக் கிழவன் ஏமாத்திட்டான்" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அது என் காதில் விழாது. ஆனால் எனக்குத் தூக்கம் கெடும்.

இந்த வண்டி இடது பக்கம் இழுக்கும்.

சிரிக்காதீர்கள். டயர் புதிது, அலைன்மென்ட் செய்த சீட்டு கண்ணாடியிலேயே ஒட்டியிருக்கிறது என்றுதானே நினைக்கிறீர்கள்? டயர் புதிதுதான். சீட்டை நம்பாதீர்கள். அதை ஒட்டியவன் பெயர் தவசி. பைபாஸ் ஓரத்தில், சக்கரங்களை நேர் பார்த்துத் திருகிக் கொடுக்கிற வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கிறான். என்னை அண்ணன் என்று கூப்பிட்டவன். என் பள்ளிக்கூட ஓட்டத்தைப் பறித்தவனும் அவன்தான். நான் ஒருவர் மேல் பழி சொல்வதென்றால் முதலிலிருந்து சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சொல்லக் கூடாது. முதலிலிருந்தே சொல்கிறேன்.

டீ குடியுங்கள், ஆறிவிடும். என் வீட்டுக்காரி அமலோற்பவம் உங்களுக்கு மட்டும் வைத்துவிட்டு எனக்கு மறந்துவிட்டாள் பாருங்கள். எங்கே? ஓ, இங்கேதான் இருக்கிறதா. இவள் இப்படித்தான் இப்போதெல்லாம். சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

நான் இந்த வேனில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிறவன். அதற்கு முன்னால் மில்லில் லாரி ஓட்டினேன். படிப்பு அதிகம் இல்லை. ஆனால் வண்டியைக் கவனிப்பேன். தினமும் பிள்ளைகளை ஏற்றுமுன் சக்கரத்தைச் சுற்றி வந்து தொட்டுப் பார்ப்பேன். டயர் பொய் சொல்லாது தம்பி. மனிதன் சொல்வான், டயர் சொல்லாது.

அதோ சுவரில் சாத்தியிருக்கிறேனே, அவை பழைய முன்டயர்கள். எழுந்து போய்க் கையை வைத்துப் பாருங்கள். உள்ஓரம் மொட்டை, வெளிஓரத்தில் இன்னும் ரப்பர் வரிப்பூ இருக்கிறது, தெரிகிறதா? உள்ளேயிருந்து வெளியே தடவினால் வழுக்கும். வெளியேயிருந்து உள்ளே தடவினால் ரம்பப் பல் மாதிரி கடிக்கும். என்ன அர்த்தம்? முன்சக்கரம் இரண்டும் காலை அகட்டி நடக்கிற ஆளைப் போல வெளியே பார்த்துக்கொண்டு ஓடியிருக்கின்றன. அப்படி ஓடினால் ஸ்டியரிங் ஒரு இடத்தில் நிற்காது. நேராகப் பிடித்தாலும் வண்டி அலையும். ஒரு சக்கரம் அந்தப் பக்கம் கூப்பிடும், ஒரு சக்கரம் இந்தப் பக்கம் கூப்பிடும். எந்தச் சக்கரத்துக்குப் பிடி அதிகமோ அது ஜெயிக்கும். மழை பெய்து மொட்டை டயரும் சேர்ந்துகொண்டால் நீங்கள் ஓட்டவில்லை, வண்டிதான் உங்களை ஓட்டும்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது இந்த வண்டி அப்படித்தான் இருந்தது. கோடை விடுமுறையில் மலைக்கோயில் ரோட்டில் ஒரு பள்ளத்தில் அடித்திருந்தது. இதை நான் மறுக்கவில்லை, தவசியும் மறுக்கவில்லை. அவன்தான் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது டயர் இல்ல, அரிவாள்மணை" என்றான்.

தவசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனிடம் மெஷின் வந்தது பிற்பாடு. முதலில் நூல்தான். பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு நூலை இழுத்துப் பிடித்து, நூலுக்கும் டயருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைப் பார்த்துப் பார்த்துத் திருகுவான். நூலின் இந்த முனையை யார் பிடிப்பது? நான்தான். "அண்ணே, மூச்சு விடாதீங்க, நூலு ஆடுது" என்பான். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன். அவன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வண்டி ஓட்டியது நான். என் மகள் ஞானஸ்நானத்துக்கு, மதம் வேறு என்று பார்க்காமல், விடிய விடிய பந்தல் கட்டியவன் அவன். அவ்வளவு பழக்கம்.

புது டயர் போட்டான். மெஷினில் ஏற்றினான். திரையில் எல்லாம் பச்சையாக வந்தது. அலைச்சல் நின்றுவிட்டது. ஸ்டியரிங் கையில் அடங்கிப் போனது. சந்தோஷமாகப் போனேன்.

ஒரு வாரம் போயிருக்கும். மறுபடியும் இடது பக்கம் போகிறது. இது வேறு மாதிரி. அலைச்சல் இல்லை, ஆட்டம் இல்லை, ஸ்டியரிங் கைக்கு எதுவும் சொல்லவில்லை. நேராகத்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பேன், இடது சக்கரம் தாரை விட்டு இறங்கி ஜல்லியில் கரகரவென்று சத்தம் போடும். அப்போதுதான் தெரியும். இடது பக்கக் கண்ணாடி வேலிகளில் உரசி உடைந்தது. எனக்கு ஒரு பழக்கம், உடைந்ததை அன்றைக்கே மாற்றிவிடுவேன். மாற்றினேன். மறுபடி உடைந்தது.

தவசியிடம் போனேன். "ரோட்டுச் சரிவா இருக்கும்ணே" என்றான். அதுவும் சரிதான். மழைத் தண்ணீர் வடிய ரோட்டின் ஓரம் சரிவாக இருக்கும், எந்த வண்டியும் இடது பக்கம் கொஞ்சம் போகும். சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்று சந்தை இல்லாத நாளில் சந்தைப்பேட்டைக்குள் ஓட்டினேன். சிமெண்டுத் தளம், தண்ணீர் ஊற்றினால் நின்ற இடத்திலேயே நிற்கும். அங்கேயும் இடது பக்கம்தான் போனது. ஒரு தூணில் பம்பர் பட்டது. சின்னக் கீறல்தான், உங்களுக்கு அதையும் காட்டுகிறேன்.

அப்புறம் அவன் டயரைப் பக்கம் மாற்றினான். இது உங்களுக்கும் உபயோகப்படும், கேட்டுக்கொள்ளுங்கள். முன்னால் இடது டயரைக் கழற்றி வலதில் போடுவது, வலதைக் கழற்றி இடதில் போடுவது. "இழுப்பு வலது பக்கம் போச்சுன்னா டயர் குத்தம். பக்கம் மாறலேன்னா டயர் மேல பழி போடக் கூடாது. குத்தவாளியைப் பிடிக்கணும்னா ஒவ்வொண்ணா இடம் மாத்திப் பாக்கணும்ணே" என்றான். இழுப்பு மாறவில்லை. காற்று பார்த்தான், இரண்டு பக்கமும் சமம். ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் சேர்க்கிற டை ராடு மாற்றினான். பிரேக் ஒட்டுகிறதா என்று சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டான், பம்பரம் மாதிரி சுற்றியது. பேரிங் பார்த்தான். எல்லாம் சரி. வண்டி இடது பக்கம்தான் போனது.

இப்படி நல்ல மனிதனாகத்தான் இருந்தான். அதற்கப்புறம்தான் புத்தி மாறியது.

நடுவில் பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். மிதுளா என்று ஒரு குட்டி, இரண்டாம் வகுப்பு. முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் வருவாள். வாய் ஓயாது. ஒரு நாள் அவள் வீட்டு வாசலில் நிறுத்தி ஆரன் அடிக்கிறேன், அடிக்கிறேன், ஆளைக் காணோம். அவள் அம்மா வெளியே வந்து முழிக்கிறாள். "பாப்பா எங்கம்மா?" என்றேன். "தாத்தா, நான் இங்கதான் இருக்கேன்" என்று பக்கத்தில் சத்தம் வருகிறது. எப்போதோ ஏறி உட்கார்ந்திருக்கிறாள். சத்தமில்லாமல். பின்சீட்டுப் பயல்கள் எல்லாம் சிரித்தார்கள். "தாத்தாவுக்குக் கண்ணாமூச்சி காட்டுறியா, கழுதை" என்று நானும் சிரித்தேன். அவள் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. சில பேருக்கு விளையாட்டு பிடிக்காது.

அந்த வாரமே ஓடைப் பாலத்தில் வண்டி இழுத்துவிட்டது. ஒடுக்கமான பாலம், கைப்பிடிக் கட்டை முழங்கால் உயரம் கூட இல்லை. இடது பக்கம் முழுக்கக் கட்டையில் தேய்த்துக்கொண்டு போனது. பிள்ளைகள் அலறினார்கள். நிறுத்திவிட்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, மாதா காப்பாற்றினாள். கீழே தண்ணீர் இல்லை, பாறைதான். இடது கதவைத் திறக்க இடமில்லாமல், எல்லாரையும் வலது பக்கம் என் சீட்டு வழியாக ஒவ்வொருவராகத் தூக்கி இறக்கினேன்.  அந்த அலறல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓட்டுகிற வண்டி இப்படிச் செய்யலாமா?

நேராகத் தவசியிடம் போனேன். "உன் மெஷின் கெட்டுப் போச்சு. நூலை எடு" என்றேன்.

கீறலைத் தடவிப் பார்த்தான்.  நூலை எடுத்தான். நான்தான் ஒரு முனையைப் பிடித்தேன், பழைய மாதிரி. மெஷின் சொன்னதையே நூலும் சொன்னது. "சரிண்ணே, நான் ஓட்டுறேன், நீங்க உக்காருங்க" என்றான். பைபாஸில் ஏறி, இரண்டு கையையும் எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டான். வண்டி நேராகப் போனது. சர்வீஸ் ரோட்டில் திருப்பிக்கொண்டு வந்து, "இப்ப நீங்க ஓட்டுங்க" என்றான். ஓட்டினேன். கொஞ்ச தூரம் போயிருப்போம், அவன் கையை நீட்டி ஸ்டியரிங்கைப் பிடித்து வலது பக்கம் தள்ளினான். "பாத்தியா, இழுக்குதா?" என்றேன்.

"அண்ணே, இப்ப இடது பக்கம் ஒரு வண்டி போச்சே, அது என்ன வண்டி?"

"எந்த வண்டி? ஒண்ணும் போகல."

"நிப்பாட்டுங்க."

நிறுத்தினேன். என் முகத்துக்கு நேரே ஒரு விரலை நீட்டி, அதை மெல்ல என் இடது காதுப் பக்கம் கொண்டு போனான். "தெரியுதா? இப்ப தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ரோட்டோரக் கடை வாசலில் நின்றவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள். எனக்கு அவமானமாகிவிட்டது. அவன் கையைத் தட்டிவிட்டேன். அப்போது சொன்னான்:

"இழுக்கிறது வண்டி இல்லண்ணே. எல்லாத்தையும் இடம் மாத்திப் பாத்துட்டோம். ஆளை மாத்தினதும் இழுப்பு நின்னுபோச்சு. நாளைக்கே மதுரைக்குப் போவோம். தலையில ஒரு படம் எடுத்துப் பாத்துருவோம். நானும் கூட வர்றேன்."

நீங்களே சொல்லுங்கள் தம்பி. தன் தொழிலில் ஒரு குறையைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், "முடியலண்ணே" என்று சொல்லிவிட வேண்டியதுதானே? நான் கோபித்துக்கொள்வேனா? அதை விட்டுவிட்டு ஓட்டுகிறவன் மேல் பழி போடுவதா? அவன் கையை எடுத்தபோது வண்டி நேராகப் போனதே என்கிறீர்களா? அவன் முழங்காலால் பிடித்திருப்பான். ஸ்டியரிங்குக்குக் கீழே முழங்கால் இருக்கும், வெளியே தெரியாது. நான் அந்தப் பக்கம் குனிந்து பார்க்கவில்லை, அதுதான் தப்பு.

சரி, என்னிடம் சொன்னதோடு விட்டானா? அன்றைக்கே வீட்டுக்கு வந்தான். நான் குளித்துக்கொண்டிருக்கிறேன். அடுப்படியில் நின்று அமலோற்பவத்திடம் ஏதோ ஓதியிருக்கிறான். அன்றிலிருந்து அவளும் தொடங்கிவிட்டாள். "இடது கன்னத்துல சவரம் பண்ணாம விட்டிருக்கீங்க." "இந்தப் பக்கம் வச்ச பொரியலைத் தொடவே இல்லையே." "அந்தத் தோளு ஏன் கதவுல இடிக்குது?" இத்தனை வருஷம் வாழ்ந்தவள், என் தட்டைப் பார்த்துக் கணக்கெடுக்கிறாள். கதவு மழைக்கு ஊதியிருக்கிறது, இடிக்கத்தான் செய்யும். நானே இழைத்துவிடுவதாக இருந்தேன்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போனால், வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. உள்ளே கூப்பிட்டார்கள். பெரிய சிஸ்டர் நின்றுகொண்டே பேசினார்கள். "டாக்டர்கிட்ட ஒரு சீட்டு வாங்கிட்டு வாங்க சேசுராஜ். அதுவரைக்கும் வேற ஏற்பாடு பண்ணியிருக்கோம்." யார் சொன்னது சிஸ்டர் என்றேன்.  அவர்கள் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. வெளியே ஒரு வாடகை வேன் வந்து நிற்கிறது, பிள்ளைகள் இறங்குகிறார்கள். என் பிள்ளைகள். ஸ்டியரிங்கில் யார்? தவசி.

என் இடுப்பில் அன்றைக்குத்தான் வயது ஏறியது.

கடையைக் காலையில் பூட்டி வைத்துவிட்டு என் ஓட்டத்தை ஓட்டுகிறான் தம்பி. சாயங்காலமும் அவன்தான். மிதுளா என்னைப் பார்த்து ஓடிவந்தாள். "தாத்தா, தவசித் தாத்தா முன்சீட்டுல யாரையும் உக்கார விடமாட்டேங்கிறாங்க. இது சேசுத் தாத்தா வண்டி ரூட்டு, அவர் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்ததும் திருப்பிக் கொடுக்கணுமாம், அதனால நாங்க ஒழுங்கா இருக்கணுமாம்" என்றாள். பார்த்தீர்களா, குழந்தையிடமே எனக்கு ஆஸ்பத்திரி என்று சொல்லி வைத்திருக்கிறான். அவன் என்னிடம் வந்து, "அண்ணே, சும்மா பாத்துக்கிறேன்" என்று ஏதோ தொடங்கினான். நான் முகம் கொடுக்கவில்லை. நூலின் ஒரு முனையைப் பிடித்த கை இது. அந்தக் கையையா விட்டுவிட்டான்?

அதனால்தான் விற்கிறேன். தவசி விற்க வேண்டாம் என்று ஆள் விட்டான். அமலோற்பவம் அழுதாள். கடைசியில் நான் மாதா படத்துக்கு முன்னால் நின்று அவளுக்கு ஒரு வார்த்தை கொடுத்தேன். "தவசிகூடப் பேசாத, என்னைத் தெரியாத, முன்பின் பார்க்காத ஒருத்தர் வந்து இந்த வண்டியை ஓட்டட்டும். நேராப் போச்சுன்னா நான் மதுரைக்கு வர்றேன். படம் எடுக்கட்டும், என்ன வேணா எடுக்கட்டும். இழுத்துச்சுன்னா நீயும் அவனும் இனிமே அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது." அவள் சரி என்றாள். வார்த்தை கொடுத்தால் மாற மாட்டேன், அவளுக்குத் தெரியும். அந்த ஆள் நீங்கள்தான் தம்பி. ஆகையால் ஒழுங்காக ஓட்டுங்கள்.

வாருங்கள், போவோம். நான் இந்தப் பக்கம் ஏறிக்கொள்கிறேன். பார்த்து, அந்தக் கதவு... ஒன்றுமில்லை, தோளில் லேசாக இடித்தது. எடுங்கள்.

ரயில்வே கேட்டைத் தாண்டினால் நேர் ரோடு. புதிதாகத் தார் போட்டது, சரிவு அதிகம் கிடையாது. நடுவில் பிடித்துக்கொள்ளுங்கள், எதிரே ஒன்றும் வரவில்லை. நாற்பதுக்குக் கொண்டு வாருங்கள். போதும். இப்போது கையை எடுங்கள். முழுக்க எடுங்கள். தொடையில் வையுங்கள். முழங்காலை இறக்குங்கள், நான் குனிந்து பார்க்கிறேன். சரி, முழங்கால் படவில்லை.

இப்போது இழுக்கும்.

பொறுங்கள். கொஞ்ச தூரம் போக வேண்டும்.

அந்தப் புளியமரம் வரைக்கும் பார்ப்போம்.

காற்று சரியாக இருக்கிறதா? காலையில் நான்தான் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. மரம் தாண்டிவிட்டதா? வெள்ளைக் கோடு நமக்கு நடுவிலேயே வருகிறதே. கையை வைக்காதீர்கள். வைத்தீர்களா? வைக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

தம்பி, ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். தவசி உங்களிடமும் பேசிவிட்டானா? போனில் ஏதாவது? சத்தியமாக இல்லையா? நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் அவனுக்கு ஆள் உண்டு. இல்லையா. சரி, இல்லை. உங்கள் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிறவராகத் தெரியவில்லை.

திருப்புங்கள். வீட்டுக்குப் போவோம்.

மெல்லப் போங்கள், அவசரம் இல்லை. பாலம் வருகிறது. நடுவிலேயே போங்கள். ம். தாண்டிவிட்டோமா?

ஒரு உதவி செய்யுங்கள். நான் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. அமலோற்பவம் வாசலில் நிற்பாள். எப்படி இருந்தது என்று உங்களைத்தான் கேட்பாள், என்னைக் கேட்க மாட்டாள். இழுக்கிறது என்று சொல்லுங்கள். லேசாக இழுக்கிறது என்றால் கூடப் போதும். வண்டியை நீங்கள் வாங்க வேண்டாம், வாங்கினாலும் சரி, விலையைக் குறைத்துத் தருகிறேன். அந்த ஒரு வார்த்தை மட்டும். பொய்யா? பொய்தான். பொய் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் படம் எடுத்து, அதில் ஏதாவது இருந்துவிட்டால் நான் என்ன செய்வேன்? டயர் என்றால் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். சொல்லுங்கள்.

நிறுத்துங்கள், வீடு வந்துவிட்டது. நல்லவேளை, வாசலில் அவளைக் காணோம். உள்ளே இருக்கிறாள் போல. அவள் வருவதற்குள் முடிவு செய்துகொள்வோம், நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள்?  ஏன் என்னைத் தாண்டி அந்தப் பக்கம் பார்க்கிறீர்கள்? என்னைப் பாருங்கள் தம்பி. உங்கள் கண் ஏன் இப்படிக் கலங்கியிருக்கிறது?

யார் கை இது, என் தோளில்?

அமலோற்பவம். நீ எப்போது வந்து நின்றாய், சத்தமில்லாமல்?